என் மகள் எனக்கு மொழிபெயர்த்த நாள்

1

சென்ற கிழமை மன்னாரிலிருந்து அக்கா அழைத்தார். சுகம் விசாரித்து முடித்ததும், “பிள்ளை எங்கை? சத்தத்தைக் காணேல்லை” என்று கேட்டார்.

“அவள் காம்புக்குப் போட்டாள் அக்கா. ஒரு கிழமை அங்கைதான் தங்குவாள்.”

“காம்புக்கோ?” என்றார் அக்கா. எங்களூரில் காம்ப் என்றால் ஆமிக் காம்ப், இல்லாவிட்டால் அகதிக் காம்ப். அக்கா இரண்டு வருடம் அகதிக் காம்பில் இருந்தவர். நான் அவசரமாகத் திருத்தினேன்: “விளையாட்டுக் காம்ப் அக்கா. பேஸ்பால் பழக்கிறது. கம்பசுக்குள்ளைதான் நடக்குது.”

அது வேறொரு கோணலாகப் போயிற்று. கம்பஸ் என்றால் எங்களுக்குப் பல்கலைக்கழகம். அன்று பின்னேரத்துக்குள் ஊரில் நாலு வீட்டுக்குச் செய்தி போய்விட்டது, பதினான்கு வயதில் என் மகள் இத்தாலியில் கம்பசுக்கு எடுபட்டுவிட்டாள் என்று. மறுநாள் மைத்துனர் அழைத்து என்ன பாடம் என்று கேட்டார்.

இதையெல்லாம் சொல்லி நானும் என் மனைவி றெஜினாவும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு, அக்கா கடைசியாகச் சொன்ன வார்த்தை மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. “போன வருசமும் உதுக்குப் போய்த்தானே காய்ச்சலெண்டு பாதியிலை வந்தவள். இந்த முறை கவனமா இருக்கச் சொல்லு தம்பி.”

“ஓம் அக்கா” என்றேன்.

போன வருடம் அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. நான் செய்த ஒரு காரியத்தால் அவள் பாதியில் திரும்பி வந்தாள். அதை மறைக்கத்தான் காய்ச்சல் என்று சொன்னேன். இந்தக் குறிப்புகளை அக்காவும் வாசிப்பார். வாசிக்கட்டும்.

2

சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்துக்கு நான் வந்து பத்தொன்பது வருடங்கள். முதல் இரண்டு குளிர்காலமும் சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரீன் பழம் பிடுங்கினேன். பிறகு பொலிதேயாமா அரங்குக்குக் கிட்ட ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் வாயிற்காவலர் வேலை கிடைத்தது. வாசலில் கண்ணாடி அறை. கடிதங்களை வாங்கி வைக்க வேண்டும், படிகளைக் கழுவ வேண்டும், லிஃப்ட் நின்றால் ஆள் கூப்பிட வேண்டும். எல்லாவற்றையும் விடக் கூடுதலாகக் கதைக்க வேண்டும். நான்காம் மாடிச் சிஞ்ஞோரா அம்மாவின் முழங்கால் வலியிலிருந்து இரண்டாம் மாடி வழக்கறிஞரின் மாமியார் சண்டைவரை எல்லாம் என் காதுக்கு வரும். யாராவது சிசிலியனில் பகிடி விட்டால் எனக்கு விளங்கும். திருப்பி ஒன்று விடவும் தெரியும்.

ஞாயிறு பூசை முடிந்தால் மாதா கோயில் முற்றத்தில் என்னைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். ஒருவருக்குப் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும், இன்னொருவருக்குப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவிலிருந்து கடிதம் வந்திருக்கும். நான் வாசித்து விளக்கி, படிவம் நிரப்பிக் கொடுப்பேன். ‘பேப்பர் அண்ணை’ என்பதுதான் என் பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

றெஜினா வயதான சிஞ்ஞோரா ஒருவரைப் பராமரிக்கிறாள். எங்களுக்கு ஒரே பிள்ளை, அனிற்றா. அல்பெர்கேரியாப் பகுதியில் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளில் இருக்கிறோம்.

பேஸ்பால் இந்த ஊரில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத விளையாட்டு. அனிற்றாவின் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியைக்கு அதில் ஒரு பைத்தியம். பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டார். முதன்முறை பார்த்தபோது எங்கள் எல்லே விளையாட்டுத்தான் ஞாபகம் வந்தது. பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவது. “இது எங்கடை எல்லே தானே” என்றேன். “இல்லை அப்பா, இதுக்கு நிறைய யோசிக்கோணும்” என்றாள். அவளும் அவளுடைய சிநேகிதி கியாராவும் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தெறிந்துகொண்டே இருப்பார்கள். அனிற்றாவின் அடி பலமானது. கையில் பட்டால் கையுறையைத் தாண்டி எரியும் என்று கியாரா சொல்வாள்.

3

போன வருடம் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் அந்தக் காம்ப் பற்றிய தாள் வந்தது. பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு கிழமை. இரண்டு குழுக்கள். பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்கள் காலையில் வந்து மதியம் வீடு திரும்புவார்கள். பதின்மூன்றும் அதற்கு மேலும் உள்ளவர்கள் மாணவர் விடுதியில் தங்கி விளையாடுவார்கள்.

அனிற்றாவுக்கு அந்த மே மாதம்தான் பதின்மூன்று முடிந்திருந்தது. கியாரா ஏற்கெனவே பதிந்துவிட்டாள். இருவரும் ஒரே அறை கேட்பது என்றும் முடிவாகியிருந்தது.

பதிவுக்கு நான்தான் போனேன். பாவ்லா என்ற பயிற்சியாளர் மேசையில் இருந்தார். முப்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த முகம். நான் நின்று நிறையக் கேள்வி கேட்டேன். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே கட்டடத்திலா, கதவுக்குப் பூட்டு உண்டா, பெண்களோடு யார் தங்குவார்கள். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். வெவ்வேறு மாடிகள்; பெண்கள் மாடியில் தானும் இன்னொரு பயிற்சியாளரும் தங்குவதாகச் சொன்னார். எல்லாம் எனக்கு விளங்கியது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனாலும் படிவத்தை வாங்கி ஓரமாகப் போய் நின்றபோது என் மனம் ஒப்பவில்லை. கோயிலில் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். பேப்பர் அண்ணையின் மகள் பொடியளோடு கம்பசில் தங்குகிறாள் என்பார்கள். பெரிய குழு வேண்டாம் என்று அனிற்றாவிடம் நேரே சொல்லியிருக்கலாம். அவள் அழுவாள், றெஜினா அவள் பக்கம் நிற்பாள், நான் தோற்பேன். அதற்குப் பதிலாகப் பிறந்த ஆண்டில் ஒன்றைக் கூட்டி எழுதினேன். ஒரு வயது குறைந்தது. பன்னிரண்டு.

வீட்டுக்கு வந்து, “பெரிய ஆக்களின்ரை குழுவிலை இடம் முடிஞ்சுதாம் பிள்ளை. சின்ன ஆக்களோடை சேர்க்கிறம் எண்டவை” என்றேன்.

அனிற்றா கையிலிருந்த பந்தை மேசையில் வைத்தாள். “சரி அப்பா. விளையாடக் கிடைச்சால் போதும்” என்றாள்.

அவள் என்னை நம்பினாள்.

4

சின்னக் குழுவில் அவள் எல்லாரையும் விட ஒரு தலை உயரம். முதல் நாள் கொண்டுபோய் விட்டபோது ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளின் நடுவே அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் பெரிய குழு விளையாடியது. கியாரா அங்கிருந்து கையைக் காட்டினாள். அனிற்றாவும் காட்டினாள். நான் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்குப் பாவ்லாவிடமிருந்து அழைப்பு. அனிற்றா அடித்த பந்து சோஃபியா என்ற பத்து வயதுச் சிறுமியின் வாயில் பட்டுவிட்டது. உதடு கிழிந்து, முன்பல் ஒன்று உடைந்து, தாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார். “உங்கள் மகள் நலம். ஆனால் நீங்கள் வர வேண்டும்” என்றார்.

கண்ணாடி அறையைப் பூட்டிவிட்டு ஓடினேன். ஓடும்போது எனக்குள் ஓடிய எண்ணம் அந்தச் சிறுமியைப் பற்றியது அல்ல. காப்புறுதிக்கு எழுதுவார்கள், எழுதினால் கோடிச்சே பிஸ்காலேயைப் பார்ப்பார்கள் என்பதுதான். இந்த நாட்டில் எல்லாருக்கும் இருக்கும் வரி எண் அது. அதற்குள்ளேயே பிறந்த ஆண்டு இருக்கிறது. நூறு பேருக்கு நான் அதை விளக்கியிருக்கிறேன். என் மகளின் எண்ணைச் சரியாக எழுதிவிட்டு, அதற்கு மேலே ஆண்டைப் பிழையாக எழுதியிருந்தேன்.

5

அலுவலகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். பாவ்லா, நரைத்த மீசையுள்ள முகாம் பொறுப்பாளர், மூலைக் கதிரையில் அனிற்றா. அவளுடைய மேற்சட்டையில் இரத்தம் காய்ந்திருந்தது. சோஃபியாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது அவள்தானாம்.

பொறுப்பாளர் படிவத்தை என் பக்கம் திருப்பினார். “சிஞ்ஞோரே, இங்கே எழுதியிருக்கும் ஆண்டும் இந்த எண்ணில் இருக்கும் ஆண்டும் ஒத்துப்போகவில்லை. உங்கள் மகளுக்குப் பதின்மூன்று வயது. ஏன் இப்படி எழுதினீர்கள்?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது என் குரலே இல்லை. வந்த புதிதில் சியாகுல்லியில் முதலாளியிடம் நான் பேசிய குரல். “நான்... இத்தாலியன் கொஞ்சம். எழுதுறது... தெரியாது. மன்னிக்க” என்றேன், உடைந்த இத்தாலியனில், தலையைக் குனிந்து, இரண்டு கைகளையும் விரித்து.

அனிற்றா நிமிர்ந்து பார்த்தாள். பாவ்லாவும் பார்த்தார். பிறகு பொறுப்பாளர் அனிற்றாவிடம், “நீ அப்பாவிடம் உங்கள் மொழியில் கேட்டுச் சொல்கிறாயா?” என்றார்.

அவள் எழுந்து என் அருகே வந்து நின்றாள். “அப்பா, பிறந்த ஆண்டை ஏன் பிழையா எழுதினனீங்கள் எண்டு கேக்கினம்.”

அவள் என்னை மன்றாடிக் கேட்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. இப்போதாவது நேரே பதில் சொல்லுங்கள் என்பதுதான் அந்தப் பார்வை.

“தெரியாமல் எழுதிப்போட்டன் எண்டு சொல்லு” என்றேன்.

அவள் திரும்பினாள். “தெரியாமல் எழுதியதாக அப்பா சொல்கிறார்” என்று இத்தாலியனில் சொன்னாள். ‘அப்பா சொல்கிறார்’ என்பதை அழுத்தமாகச் சொன்னாள்.

பொறுப்பாளரின் முகம் இளகியது. அவர் எழுந்து வந்து என் தோளில் தட்டினார். காது கேளாதவருக்குச் சொல்வது போல, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, “கவலை... வேண்டாம். உங்களுக்கு... கஷ்டம். எங்களுக்கு... விளங்குது” என்றார். நான் தலையாட்டினேன்.

அப்போது பாவ்லா அனிற்றாவிடம் பேசினார். சின்னக் குழுவில் இனி அவள் இருக்க முடியாது. ஆனால் பெரிய குழுவில் தொடக்கத்திலிருந்தே இடம் இருக்கிறது. மூன்று கட்டில்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அப்பா இப்போதே கையெழுத்து வைத்தால் இன்றே சேரலாம்.

தொடக்கத்திலிருந்தே என்ற சொல்லைக் கேட்டதும் அனிற்றாவின் கண்கள் என்மேல் வந்து நின்றன. நான் சொன்ன இரண்டாவது பொய்யும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பேச்சு எனக்கு ஏற்கெனவே விளங்கிவிட்டது என்பது தெரிந்தும், அவள் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாள்.

“பெரிய ஆக்களின்ரை குழுவிலை முதல்லையிருந்தே இடம் இருக்காம். மூண்டு கட்டில் சும்மா கிடக்காம். நீங்கள் சைன் வைச்சால் இண்டைக்கே சேரலாமாம்.”

ஒரு கையெழுத்து. அதை வைத்திருந்தால் இந்தக் கதையில் பாதி இல்லாமல் போயிருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அந்த அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அவள் அங்கே இருந்தால் உண்மை வெளியே வந்துவிடும் என்ற பயமும் இருந்தது.

“வேண்டாம் எண்டு சொல்லு” என்றேன்.

அவள் பாவ்லாவைப் பார்த்தாள். “அப்பா வேண்டாம் என்கிறார்” என்றாள். தன் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

6

வீடுவரை அவள் எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டில் நான், “பிள்ளை, சாப்பிடுவமோ?” என்று கேட்டேன். அவள் திரும்பி, இத்தாலியனில், மிக மெதுவாக, “பப்பா. நான். பசி. இல்லை. காப்பீதோ?” என்றாள். விளங்கிச்சோ என்று கேட்கிறாள்.

முதலில் கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான். “பப்பா. தண்ணீர். மேசை. காப்பீதோ?” கையால் தண்ணீரைக் காட்டி, மேசையைக் காட்டி. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பொறுப்பாளரின் அதே சத்தம், அதே இடைவெளி. தாயிடம் மட்டும் தமிழ்.

றெஜினாவிடம் நான் பாதியைத்தான் சொன்னேன். மீதியை அனிற்றா சொல்லிவிட்டாள். றெஜினா வேலைக்குப் போட்டுப் போகும் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

“ஒரு பிள்ளையின்ரை பல்லு உடைஞ்சு கிடக்கு. நீங்கள் அங்கை நாடகம் ஆடியிருக்கிறியள்.”

“நான் அவளின்ரை நன்மைக்கு...”

“நான் எத்தினை வயதிலை இஞ்சை வந்தனான்?”

பத்தொன்பது வயதில் றெஜினா தனியாக வந்தாள். முன்பின் அறியாத வீட்டில் தங்கி, முன்பின் அறியாத கிழவருக்கு வேலை செய்தாள். நான் அவளைச் சந்தித்தது அதற்கு மூன்று வருடம் கழித்து.

“என்னைக் கட்டேக்கை நீங்கள் ஒரு கேள்வியும் கேக்கேல்லை. அதுக்காகத்தான் நான் உங்களுக்கு ஓமெண்டு சொன்னனான்” என்றாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

7

காம்பின் கடைசி நாள் காலை நான் அங்கே போனேன். தனியாகத்தான் போனேன். பாவ்லா மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த நல்ல இத்தாலியனில், தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொன்னேன். வேண்டுமென்றே ஆண்டை மாற்றினேன், விளங்காத மாதிரி நடித்தேன், மகளை இழுத்து அதற்குள் விட்டேன்.

அவர் கையிலிருந்த சுண்ணாம்பு வண்டியை நிறுத்தினார். “எனக்குத் தெரியும் சிஞ்ஞோரே. பதிவு அன்று நீங்கள் என்னிடம் கதவுப் பூட்டைப் பற்றிக் கூடக் கேட்டீர்களே.”

“அப்போ ஏன் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை?”

“உங்கள் மகள் பக்கத்தில் நின்றாள்” என்றார்.

அந்த அறையில் நான் ஏமாற்றியது பொறுப்பாளர் ஒருவரை மட்டும்தான். பாவ்லா என் மகளுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார். நான் அவளுக்காக என்ன செய்தேன்?

அலுவலகத்தில் பொறுப்பாளரிடமும் சொன்னேன். இந்த முறை அவர் தோளில் தட்டவில்லை. வெள்ளைத் தாள் ஒன்றைத் தள்ளி, நடந்ததை எழுதித் தரச் சொன்னார். ஒரு பக்கம் எழுதினேன். அவர் வாசித்து முடித்து, “நன்றாக எழுதுகிறீர்கள்” என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகக் கேவலமான பாராட்டு அது.

வெளியே வந்தபோது சோஃபியா தாயுடன் படிகளில் இருந்தாள். உதட்டில் தையல். தாயிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கையில் சிறுமி குறுக்கே, “அனிற்றா எங்கே? இன்றைக்குத்தானே கடைசி ஆட்டம்” என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து அனிற்றாவின் அறை வாசலில் நின்று, செய்ததையெல்லாம் சொன்னேன். அவள் கட்டிலில் இருந்து கேட்டாள். நாட்கணக்கில் கேட்காத தமிழில் பேசினாள்.

“நீங்கள் பொய் சொன்னது கூடப் பரவாயில்லை அப்பா. அதை என்ரை வாயாலை சொல்ல வைச்சியள்.”

8

பிறகு அவள் என்னோடு கதைக்கத் தொடங்கினாள். தேவைக்கு. முன்பு போலப் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவதில்லை. கோயில் முற்றத்தில் இன்னும் என்னைப் பேப்பர் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போது திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

இந்த வருடம் தாள் வந்தபோது அவளே படிவத்தை நிரப்பினாள். பெரிய குழு, விடுதியில் தங்கல். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் விரலால் காட்டினாள். போட்டேன்.

கடைசி நாள் ஆட்டத்தைப் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. றெஜினாவுக்கு அன்று வேலை. “நான் வரலாமோ?” என்று கேட்டேன்.

அனிற்றா யோசித்தாள். “வாங்கோ. ஆனால் ஒருத்தரோடையும் கதைக்காதேங்கோ.”

நேற்றுத்தான் அந்த ஆட்டம். சீமெந்துப் படிகளில் ஓரமாகப் போய் இருந்தேன். பக்கத்தில் ஒரு மனிதர் வந்தமர்ந்து, “உங்களுடையது எது?” என்று இத்தாலியனில் கேட்டார். விரலால் காட்டினேன். “நன்றாக ஓடுகிறாள். எந்தப் பள்ளிக்கூடம்?” சிரித்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, எனக்கு மொழி தெரியாதென்று முடிவுசெய்துகொண்டார். அதற்குப் பிறகு மெதுவாக, கைகளை ஆட்டி, “பெண்... நல்லது... பலம்” என்றார். நான் தலையாட்டினேன். வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஆட்டத்தின் நடுவே அனிற்றா தண்ணீர் குடிக்க வேலியோரம் வந்தாள். அந்த மனிதர் கம்பிக்கு அருகே குனிந்து, “உன் அப்பாவுக்கு இத்தாலியன் கொஞ்சமும் வராதா?” என்று கேட்டார்.

அவள் போத்தலை வாயிலிருந்து எடுத்தாள். முகத்தில் வியர்வையும் மண்ணும். என்னைப் பார்த்தாள். கண் விலகாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“வரும்” என்றாள் இத்தாலியனில். “நன்றாகப் பேசுவார்.”

போத்தலை மூடி வைத்துவிட்டு அவள் மைதானத்துக்கு ஓடிவிட்டாள். அந்த மனிதர் குழம்பிப்போய் என் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் இருவரும் ஆட்டத்தைப் பார்த்தோம்.

“எத்தனை வயது?” என்று கேட்டார்.

“பதினான்கு” என்றேன். “மே மாதம்தான் முடிந்தது.”